எட்டு ஆண்டுகளாக நற்கருணை வாங்காத ஒரு தாய்க்கு

வாசகர் கடிதத்தின் சுருக்கம்:

"எனக்குப் பென்னாகரம் பக்கத்து ஊர். இரண்டு பெண் குழந்தைகள். எட்டு ஆண்டுகளுக்கு முன் மூன்றாவதாகக் கருவுற்று நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, மாமியாரும் கணவரும் ஒரு நாள் இரவு என்னை ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே ஸ்கேன் பெட்டி வைத்திருந்த ஒருவர் 'இதுவும் பொண்ணுதான்' என்றார். மூன்றாம் நாள் மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். வேண்டாமென்று அழுதேன். 'பிள்ளைகளை விட்டுவிட்டு உன் அம்மா வீட்டுக்குப் போய்விடு' என்றார்கள். விழுங்கிவிட்டேன். அன்று முதல் பூசைக்குப் போகிறேன், நன்மை (நற்கருணை) வாங்குவதில்லை. கொழுந்தன் கல்யாணத்தில் மட்டும் எல்லாரும் பார்க்கிறார்களே என்று வாங்கிவிட்டேன். வேளாங்கண்ணியில் முட்டிபோட்டு நடந்தேன், மொட்டை போட்டேன், வெள்ளிதோறும் ஒருசந்தி நோன்பு இருக்கிறேன். அடுத்த மாதம் சின்னவளுக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப்போகிறாள். எங்கள் பங்கில் பெற்றோர் இருவரும் பிள்ளையோடு நின்று நன்மை வாங்க வேண்டும். நான் சபையிலிருந்து தள்ளப்பட்டவள் என்று உபதேசியார் வீட்டம்மா பொதுவாகச் சொன்னதை அண்மையில் கேட்டேன். அது உண்மையா, சாமி? கடவுள் மன்னிப்பாரா? ஞானஸ்நானம் பெறாத அந்தக் குழந்தை இருட்டில்தான் இருக்குமா? சின்னவளுக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது. அது என் பாவத்தின் கூலியா? வயிற்றுக் குழந்தைக்காக உயிர்விட்ட புனித ஜியான்னாவைப் பற்றிப் பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்த அன்று பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டேன்."

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுள் முதன்மையானதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். மன்னிப்பு உண்டு. அதைப் பெறுவதற்கு நீங்கள் உரோமைக்கு எழுதவும் வேண்டாம், ஆயர் இல்லத்தின் படியேறவும் வேண்டாம். பாவசங்கீர்த்தனம் (ஒப்புரவு அருட்சாதனம்) கேட்க அதிகாரம் பெற்ற எந்தக் குருவும் அதை உங்களுக்கு வழங்க முடியும். இன்னும் எட்டு ஆண்டுகள் ஒருசந்தி இருந்து அதைச் சம்பாதிக்க வேண்டியதில்லை. சின்னவளின் புதுநன்மை நாளில் நீங்கள் அவள் அருகில் நின்று நற்கருணை வாங்கலாம், வாங்கவும் வேண்டும்.

உங்கள் கடிதம் ஒரு பிள்ளையின் நான்கு கோட்டு நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்களில் வந்தது. இரண்டாம் தாளில் ஓரிடத்தில் 'அவள்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே 'அது' என்று திருத்தியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு வரி தள்ளி, 'இருந்திருந்தால் இப்போது இரண்டாம் வகுப்பு போயிருப்பாள்' என்று உங்களை அறியாமலேயே எழுதிவிட்டீர்கள். அந்த அடித்தலையும் அதற்குப் பின் வந்த வரியையும் பலமுறை பார்த்தேன். நம் திருச்சபை இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் அந்த இரண்டாவது வரி சொல்வதும் ஒன்றுதான்: உங்கள் வயிற்றில் இருந்தது ஒரு பொருளன்று, ஒருத்தி.

உபதேசியார் வீட்டம்மா சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது உங்களை இவ்வளவு வதைத்திருக்கிறது. வேண்டுமென்றே கருவை அழிப்பவர், அது நிறைவேறிய அந்தக் கணமே, யாரும் தீர்ப்புக் கூறாமல் தாமாகவே திருச்சபை விலக்கத்துக்கு உள்ளாகிறார் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1398-ஆம் விதியாக இருந்தது. தண்டனைகளைப் பற்றிய பகுதி திருத்தப்பட்டு 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்தபின், அதே விதி 1397-ஆம் எண்ணின் கீழ் நிற்கிறது. ஆனால் இதே சட்டப் புத்தகத்தில் 1323, 1324 என்று இரண்டு விதிகள் உள்ளன. நம் ஊர்களில் முந்தையதைச் சொல்பவர்கள் உண்டு. இவற்றைச் சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பதினாறு வயது நிரம்பாதவர்கள், பெரும் அச்சத்துக்கு ஆளாகிச் செய்தவர்கள், இப்படியொரு தண்டனை உண்டென்பதைத் தம் குற்றமின்றி அறியாதிருந்தவர்கள் ஆகியோரைத் தானாக விழும் அந்த விலக்கம் கட்டுப்படுத்தாது என்று அவை சொல்கின்றன. அச்சம் என்று சட்டம் குறிப்பிடுவது ஊரே நடுங்கும் அச்சமாக இருக்க வேண்டியதில்லை என்பதையும், அந்த மனிதரின் நிலையில் அவருக்குப் பெரிதாக இருந்தால் போதும் என்பதையும் கவனியுங்கள். இரண்டு பெண்பிள்ளைகளை விட்டுப் பிரிய வேண்டும் என்று மிரட்டப்பட்டு, கையில் மாத்திரையோடு, கணவனும் மாமியாரும் எதிரே நிற்க நின்ற ஒருத்தியின் அச்சத்தைப் பெரும் அச்சம் என்று சொல்லாவிட்டால் வேறெதைச் சொல்வது? தண்டனை என்ற ஒன்று இருப்பதையே அண்மையில்தான் கேள்விப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, பல ஆண்டுகளாகத் திருச்சபைச் சட்டத்தோடு பழகிவருபவன் என்ற முறையில், நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்றுச் சொல்கிறேன்: அந்த விலக்கம் உங்கள்மேல் விழவே இல்லை. நீங்கள் ஒரு நாளும் சபைக்கு வெளியே நின்றதில்லை.

ஒருவேளை விழுந்திருந்தாலும் கதவு அடைபட்டதில்லை. இரக்கத்தின் யூபிலி ஆண்டை முன்னிட்டு, கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் திருத்தந்தை பிரான்சிஸ் வழங்கினார். அந்த ஆண்டு முடிந்தபோது, 2016 நவம்பர் 20 அன்று கையெழுத்திட்ட மடலின் வழியாக அதை நிலையாக்கிவிட்டார். ஆதலால் உங்கள் ஊர்ச் சிற்றாலயத்துக்கு மாதம் ஒருமுறை வரும் இளங்குருவுக்கும் அந்த அதிகாரம் இருக்கிறது.

தண்டனை இல்லையென்றால் பாவமும் இல்லையா என்று கேட்பீர்களானால், அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை, அது உங்களுக்கு நன்மையும் செய்யாது. அச்சம் குற்றத்தின் சுமையைக் குறைக்கும், பெரிதும் குறைக்கும். ஆனால் நடந்ததை நடக்காததாக ஆக்காது. 'நாலு மாசக் கரு வெறும் இரத்தக் கட்டிதான், மறந்துவிடு' என்று உங்களைத் தேற்ற முயன்றவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள், ஆனால் அது உங்களைத் தேற்றவில்லை, தேற்றவும் முடியாது. அது வெறும் கட்டியென்றால் உங்கள் எட்டாண்டுக் கண்ணீர் பைத்தியக்காரத்தனமாகிவிடும். அதுவோ பைத்தியக்காரத்தனமன்று, ஒரு தாய் தன் மகளுக்காகப் படும் துக்கம். மார்ச் 25 அன்று மங்களவார்த்தைத் திருநாள் கொண்டாடுகிறோமே, அது கிறிஸ்துமஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, கன்னி மரியாவின் வயிற்றில் ஆண்டவர் உருவான அந்நாளையே திருநாளாக வைத்திருக்கும் சபையின் விசுவாசம். அவர் கருவாகிச் சில நாள்களே ஆகியிருந்தபோது, எலிசபெத்தின் வயிற்றில் ஆறு மாதக் குழந்தையாக இருந்த யோவான் அவரை அறிந்து துள்ளினார் என்று லூக்கா எழுதுகிறார். பிறவாத ஒரு குழந்தை பிறவாத இன்னொரு குழந்தைக்கு வணக்கம் சொல்லும் காட்சி அது. 'திதாக்கே' என்னும் மிகத் தொன்மையான கிறிஸ்தவப் போதனை நூலும் கருவை அழிப்பதை வெளிப்படையாக விலக்குகிறது. இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிற சபைதான், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் அதே மார்ச் 25 அன்று வெளியிட்ட 'எவாஞ்செலியும் வீத்தே' என்னும் சுற்றுமடலின் 99-ஆம் பத்தியில், கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களை நேராக விளித்து, மனந்தளர வேண்டாம், நடந்ததை நேர்மையோடு எதிர்கொள்ளுங்கள், இரக்கத்தின் தந்தை உங்களை ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிக்கக் காத்திருக்கிறார் என்று பேசுகிறது. அந்தக் குழந்தையை ஒருத்தியாக மதிக்கிற சபையால்தான் அவளை இழந்த உங்களையும் தாயாக மதித்து இப்படிப் பேச முடிகிறது.

அந்தக் குழந்தை எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகள் 'லிம்போ' என்ற இடத்தில் துன்பமும் இல்லாமல், கடவுளின் முகமும் காணாமல் இருப்பார்கள் என்று இறையியலார் பலர் நெடுங்காலம் கருதியது உண்மை. அந்தக் கருத்து எந்தக் காலத்திலும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. நம் பாட்டிமார் கேட்டு வளர்ந்த பழைய ஞானோபதேசத்தின் வழியாக அது 'இருட்டு' என்ற சொல்லாக ஊர்களில் தங்கிவிட்டது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அதன் 1261-ஆம் எண்ணில் இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைத்து, 'சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்' என்று சொன்ன இயேசுவின் பரிவை நினைவூட்டி, அவர்களுக்கு மீட்பின் வழி உண்டென்று நம்ப இடமிருக்கிறது என்கிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு பன்னாட்டு இறையியல் குழு 2007-இல் வெளியிட்ட ஆவணம், அந்த நம்பிக்கைக்கு உறுதியான அடிப்படைகள் உண்டென்று விரிவாகவே ஆராய்ந்து சொன்னது. 'உன் மகள் மோட்சத்தில் இருக்கிறாள்' என்று ஆணையிட்டுச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால் அவளை உங்களைவிட அதிகமாக நேசிப்பவர் ஒருவர் உண்டென்றும், அவள் அவர் கையில்தான் இருக்கிறாள் என்றும் தயக்கமின்றிச் சொல்வேன். இருட்டு என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 அன்று கல்லறை மந்திரிக்க (ஆசீர்வதிக்க) போகும்போது சில ஆண்டுகளாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். ஒப்புரவில் கேட்ட எதையும் எந்த வடிவிலும் வெளியிட எனக்கு உரிமையில்லை என்பதால், வெளியே எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எல்லாரும் தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்குச் சாமந்தி மாலை போட்டு மெழுகுவர்த்தி கொளுத்திய பிறகு, வயதான ஓர் அம்மா மட்டும் கையில் மீந்த ஒரு மெழுகுவர்த்தியோடு சுற்றுச்சுவர் ஓரம் போய், கல்லறை எதுவும் இல்லாத வெறும் மண்ணில் அதை நட்டு, காற்றில் அணையாமல் இரண்டு கையாலும் மறைத்தபடி குந்தியிருப்பார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பச்சைக் குழந்தைகளை அந்தக் காலத்தில் அந்த ஓரத்தில்தான் புதைப்பார்களாம். மந்திரித்த தண்ணீரை இப்போதெல்லாம் அந்தச் சுவர் வரைக்கும் கொண்டுபோய்த் தெளிக்கிறேன். நீங்களும் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தலாம். அவளுக்கு மனத்துக்குள் ஒரு பெயர் வைக்கலாம். அவளை நினைத்து ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லலாம். பூசைக் கருத்து எழுதும் நோட்டில் 'தனிக் கருத்துக்காக' என்று எழுதினால் போதும், யாரும் விவரம் கேட்க மாட்டார்கள்.

சின்னவளின் வலிப்புக்கும் நடந்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் காட்டி, 'இது யார் செய்த பாவம்' என்று சீடர்கள் கேட்டபோது, அவரும் பாவம் செய்யவில்லை, அவரைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று ஆண்டவர் மறுத்துவிட்டார். வலிப்பு மூளையில் வரும் ஒரு நோய், அதற்கு மருந்து இருக்கிறது. மருத்துவரின் சொல் இல்லாமல் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். மந்திரிக்க என்று யாராவது அழைத்தால் அதற்காக மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

புனித ஜியான்னா பெரெத்தா மொல்லாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை உங்களுக்கு எதிரான சாட்சியாக நிறுத்திக்கொண்டீர்கள் என்பது புரிகிறது. இத்தாலியில் மருத்துவராக இருந்த அவருக்கு 1961-இல் நான்காவது குழந்தையைச் சுமக்கும்போது கருப்பையில் கட்டி கண்டது. குழந்தைக்குத் தீங்கு வராத அறுவைச் சிகிச்சையை மட்டும் ஏற்றார். 1962 ஏப்ரல் 21 அன்று மகளைப் பெற்றெடுத்து, ஒரு வாரம் கழித்து 28 அன்று இறந்தார். 2004-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த நிலையில் தாயைக் காப்பாற்றக் கருப்பையையே எடுத்துவிடுவதைக்கூடக் கத்தோலிக்க அறநெறி அனுமதித்திருக்கும் என்பதையும், அவர் செய்தது கடமையையும் தாண்டிய அன்பு என்பதையும் பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை. அவருக்கு அருகே அவர் முடிவை மதித்த ஒரு கணவர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இன்னொருவரைப் பற்றி. அமெரிக்காவில் ஏழைகளுக்காக வாழ்ந்த டாரதி டே இளவயதில், தான் நேசித்தவர் கைவிட்டுவிடுவாரோ என்ற பயத்தில் கருக்கலைப்புச் செய்துகொண்டார். இனித் தனக்குப் பிள்ளையே பிறக்காது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தவருக்கு 1926-இல் ஒரு மகள் பிறந்தாள். அந்த மகிழ்ச்சியே அவரைக் கத்தோலிக்கத் திருச்சபைக்குக் கொண்டுவந்தது. 1927 டிசம்பர் 28 அன்று திருமுழுக்குப் பெற்றார். ஏரோதால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் திருநாள் அது. அவரைப் புனிதராக்கும் பணிகள் 2000-இல் தொடங்கி, 'இறை ஊழியர்' என்று இன்று அழைக்கப்படுகிறார். அவருடைய கருக்கலைப்பைத் திருச்சபை மறைக்கவில்லை, அதை அறிந்தே அந்தப் பணியைத் தொடங்கியது.

உங்கள் கணவரையும் மாமியாரையும் பற்றி நீங்கள் குறை கூறாமல் எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஆயினும் உண்மையை உண்மையாகச் சொல்ல வேண்டும். உங்களை நிர்ப்பந்தித்தவர்களின் பொறுப்பு உங்கள் பொறுப்பைவிடக் கனமானது. நான் மேலே சொன்ன தண்டனையும், அதை அறிந்தே செய்திருந்தால், உடனிருந்து செய்தவர்களையே அதிகம் நெருங்கி நிற்கிறது. அவர்களும் ஒப்புரவுக்குப் போக வேண்டியவர்கள். உங்கள் கணவரிடம் அதை நீங்கள் ஒருமுறை சொல்லலாம். அவர் போகும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது.

இந்தப் பாவத்தில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. பெண் குழந்தைகளைக் கொல்வதைத் தடுக்க அரசு 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் நம் தருமபுரிக்கும் விரிவாக்க வேண்டியிருந்தது.  கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இரவில் ஒரு வீட்டுக் கதவு திறந்து உங்களை உள்ளே விட்டிருக்கிறது. பிறந்த பெண் சிசுவைக் கொல்லக் கொடுத்த எருக்கம்பாலின் இடத்துக்கு ஸ்கேன் பெட்டி வந்ததுதான் மாற்றம். இதில் கத்தோலிக்க வீடுகள் விலகி நிற்கின்றன என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கருக்கலைப்பு கொலைப்பாவம் என்று ஆண்டுக்கு ஒருமுறை பீடத்திலிருந்து பேசுகிற நாங்கள், பங்கு மண்டபத்தில் எங்கள் கண்முன்னே எத்தனை பவுன், என்ன வண்டி என்று பேரம் நடக்கும்போது எழுந்து போய்விடுகிறோம். மூன்றாவது பெண் என்றதும் ஒரு குடும்பம் ஏன் நடுங்குகிறது என்பதற்கான விடை அந்த மண்டபத்தில்தான் இருக்கிறது. பெற்றுக்கொள் என்று பெண்ணுக்குப் புத்தி சொல்லும் சபை, சீர் கேட்பவனிடம் அதே குரலில் பேசாவிட்டால் அந்தப் பெண்ணைத் தனியாக விட்டுவிடுகிறது. உங்களை அப்படித் தனியாக விட்டதற்காக ஒரு குருவாக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியது. உங்கள் பங்குக் குருவிடம் போகக் கூச்சமாக இருந்தால் வேறு பங்குக்குப் போங்கள், அதில் தவறே இல்லை. தருமபுரி தூய இருதயப் பேராலயம் உங்களுக்குப் பேருந்து தூரம்தான். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டு, 'எட்டு ஆண்டுகளுக்கு முன் என் வயிற்றிலிருந்த குழந்தையை அழிக்க உடன்பட்டேன், பயந்துபோய் உடன்பட்டேன்' என்று சொல்லுங்கள். பிறகு, கொழுந்தன் கல்யாணத்தில் தகுந்த நிலையில் இல்லாமல் நன்மை வாங்கியதையும் சொல்லுங்கள். நினைவுக்கு வரும் மற்றப் பாவங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் செய்ததைச் சொல்ல வேண்டியதில்லை, பெயர்களும் தேவையில்லை. அழுகை வந்து சொல் தடைப்பட்டால் குரு காத்திருப்பார். அவர் கடுமையாகப் பேசினால் அந்தக் குறை அவருடையது, அவர் தரும் பாவமன்னிப்பு அதனால் குறைந்துவிடாது. நீங்கள் சொன்னதை உயிரே போனாலும் வெளியிட அவரால் முடியாது. பாவப் பரிகாரமாக அவர் கொடுக்கும் அபராதம் நான்கு செபமாக இருந்து, இவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஒருசந்தியை விரும்பினால் தொடருங்கள், ஆனால் இனி அதைக் கடன் அடைப்பதாக நினைக்காமல் நன்றியாகச் செய்யுங்கள்.

இரவில் தூக்கம் இல்லை என்றும், சில நாள் சமைக்கவும் எழ முடிவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒப்புரவுக்குப் பிறகும் அது தொடர்ந்தால் அரசு மருத்துவமனை மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசுங்கள். விசுவாசக் குறைவால் வருவதென்று அதை ஒதுக்கிவிட வேண்டாம்.

பிள்ளைகளிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டியதில்லை. புதுநன்மைக்கு முந்தின நாள் மாலை, பெற்றோர் எல்லாரும் ஒப்புரவுக்கு வரிசையில் நிற்கும் நேரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அன்று கூட்டமும் அவசரமும் இருக்கும். வரும் சனிக்கிழமையே, மாலைப் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். போய்வந்த மறுநாள் ஞாயிற்றுப் பூசையில், சின்னவளின் வெள்ளைக் கவுன் தையல் முடிந்து வருவதற்கு முன்பே, நீங்கள் நன்மை வாங்கியிருப்பீர்கள்.